எல்லார்க்கும் ஒரு பூங்கா

வீட்டிற்கு முற்றம் எத்தகையதோ, நகருக்குப் பூங்கா அத்தகையது. முற்றம் இல்லாத வீட்டிலும் மக்கள் உண்கிறார்கள், உறங்குகிறார்கள், வாழ்நாளைக் கழிக்கிறார்கள். ஆனால், மழை பெய்யும்போது கை நீட்டி நனைவதற்கும், நிலவு காயும்போது பாட்டியின் மடியில் கிடந்து கதை கேட்பதற்கும் அவ்வீட்டில் இடம் இல்லை. பூங்கா இல்லாத நகரமும் அத்தகையதே. அங்கே கடைகள் இருக்கலாம், அலுவலகங்கள் இருக்கலாம், அகன்ற சாலைகளும் உயர்ந்த மாடங்களும் இருக்கலாம். காசு கொடுக்காமலும் காரணம் சொல்லாமலும் ஒருவர் சிறிது நேரம் அமர்ந்திருக்க மட்டும் இடம் இராது.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பழந்தமிழ் ஊர்களில் மன்றம் என்றும் பொதியில் என்றும் வழங்கிய பொதுவிடங்கள் இருந்தன. மரநிழலில் நரைத்த முதியோர் கூடி வல்லாடி மகிழ்ந்ததைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. பொது இல் என்பதே பொதியில் ஆயிற்று. ஒருவர்க்கே உரியது வீடு. ஊரார் அனைவர்க்கும் உரியது பொதியில். பெயரே பொருளை விளக்கி நிற்கிறது.

அந்தப் பொதியிலின் இக்கால வடிவமே நகரப் பூங்கா எனலாம். அது எல்லார்க்கும் உரியது என்று எவரும் எளிதாகச் சொல்லிவிடுவர். நானும் பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். ஆனால், 'எல்லார்க்கும்' என்னும் அந்தச் சொல்லின் முழுப்பொருளை அறுபது வயதைக் கடந்த பிறகே கற்றுக்கொண்டேன். எனக்கு அதனைக் கற்பித்தவர் நூல் பல கற்ற அறிஞர் அல்லர். எங்கள் தெருத் தையற்காரரின் மனைவியார். அந்தப் பாடத்திற்கு நான் கொடுத்த விலை சிறிது. அவருடைய மகன் கொடுத்த விலையோ பெரிது.

எங்கள் தெருவின் கோடியில் ஒரு பூங்கா உண்டு. அதன் பரப்பு இரண்டு ஏக்கருக்கும் குறைவு. தமிழாசிரியனாகப் பணி ஏற்று இந்நகருக்கு வந்த நாள் முதலாக நான் அதனை அறிவேன். பழைய பூங்காக்கள் பலவற்றைப் போலவே அதுவும் பார்ப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. நடுவில் ஒரு நீரூற்று. அதில் நீர் எழ நான் கண்டதில்லை. நீரூற்றைச் சுற்றிப் புல்வெளி. புல்வெளியைச் சுற்றிக் கூர்முனைக் கம்பிவேலி. வேலியைச் சுற்றிச் சிமெண்டு இருக்கைகள். அவ்விருக்கைகள் யாவும் அந்த வறண்ட நீரூற்றையே நோக்கியிருந்தன. ஒரு மூலையில் துருப்பிடித்த சறுக்குமரம் ஒன்றும், பலகை இழந்த ஊஞ்சற் சங்கிலிகளும் தொங்கின. மற்றொரு மூலையில் பெரிய புங்கமரம் ஒன்று நின்றது. வாயிலில் அரையடி உயரத்தில் ஒரு படி இருந்தது.

வாயிலின் அருகே மூன்று அறிவிப்புப் பலகைகள் நின்றன. 'புல்லை மிதிக்காதீர்' என்றது ஒன்று. 'பூவைப் பறிக்காதீர்' என்றது மற்றொன்று. 'இங்கே விளையாடுதல் கூடாது' என்றது மூன்றாவது. முதல் இரண்டையும் எழுதியவர் யாவர் என்று அறியேன். மூன்றாவது பலகையின் வாசகம் என்னுடையது.

அப்பலகை வந்த வரலாறு இது. ஒருநாள் மாலை நானும் என் மனைவியும் வழக்கம்போல் எங்கள் இருக்கையில் அமர்ந்திருந்தோம். சிறுவர் சிலர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். அவர்கள் அடித்த பந்து ஒன்று விரைந்து வந்து என் மனைவியின் தோளில் பட்டது. இரண்டு வாரம் அவளால் வலக்கையைத் தூக்க இயலவில்லை. எனக்குச் சினம் மூண்டது. மறுநாளே ஒரு விண்ணப்பம் எழுதினேன். முதியோர்க்கு அமைதி வேண்டுவதன் இன்றியமையாமையை என் தமிழ்ப் புலமை முழுவதும் திரட்டி எடுத்துரைத்தேன். நடைபயில வரும் நண்பர் அனைவரும் கையொப்பம் இட்டனர். ஒரு மாதத்திற்குள் பலகை நாட்டப்பட்டது. காவலர் சிறுவரை வெளியேற்றினார். பூங்காவில் அமைதி நிலவியது. நான் ஒரு நற்செயல் செய்துவிட்டதாகவே எண்ணிப் பெருமிதம் கொண்டேன்.

விளையாட்டை ஓரிடத்தில் தடுக்கலாம். குழந்தைப் பருவத்தினின்றும் அதனை நீக்கிவிட இயலாது. மேட்டில் தடுத்த நீர் பள்ளத்தை நாடி ஓடுவதுபோல, பூங்காவில் தடுத்த விளையாட்டுத் தெருவிற்கு வந்தது. மட்டையும் பந்தும் மின்கம்பமும் இருந்தால் சிறுவர்க்குப் போதும் அன்றோ? சில மாதங்கள் சென்றன. ஒருநாள் அந்திப்பொழுதில், உருண்டோடிய பந்தை எடுக்கத் தையற்காரரின் மகன் ஓடினான். அவனுக்கு அப்போது பதினொரு வயது. முனையில் திரும்பிய சரக்கு வண்டி ஒன்று அவன்மேல் மோதியது. உயிருக்கு ஊறு நேரவில்லை. வலக்கால் எலும்பு இரண்டிடத்தில் முறிந்தது.

மருத்துவமனையிலிருந்து அவன் வீடு திரும்பியபின் அவனைக் காணச் சென்றேன். மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி அவன் கிடந்தான். அவன் தாயார் எனக்கு நீர் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சினிடையே, "ஐயா, பூங்காவுக்குள் விளையாடியிருந்தால் நான்கு பூக்கள் உதிர்ந்திருக்கும், அவ்வளவுதானே?" என்றார். பலகையின் வாசகம் என்னுடையது என்பதை அவர் அறிவாரோ, அறியாரோ, எனக்குத் தெரியாது. அவர் குரலில் சினம் இல்லை. பழி கூறும் குறிப்பும் இல்லை. அதுவே எனக்குத் தாங்கொணாததாக இருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மனைவியோ, "என் தோள் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது" என்று ஒரே ஒரு சொற்றொடர் சொன்னாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுவதும் இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, பூங்காவைப் புதுப்பிப்பதற்குப் பணம் ஒதுக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தது. வரைபடத்தையும் காட்டினார்கள். பழைய நீரூற்றுக்குப் பதிலாகப் புதிய நீரூற்று. அதற்கு வண்ண விளக்குகள். வாயிலில் ஒரு வளைவு. புல்வெளியில் சிமெண்டு மான்கள் இரண்டு. அப்படத்தில் எல்லாம் இருந்தன. மனிதர் மட்டும் இல்லை. பொறியாளர் இளைஞர், நல்லவர். "ஐயா, என்ன வேண்டும் என்று எவரும் கூறவில்லை. ஆகவே வழக்கமாகச் செய்வதை வரைந்தேன்" என்றார். அவர் கூறியதில் உண்மை இருந்தது. வேண்டாதவற்றைச் சொல்ல எனக்கு முன்பு நா இருந்தது. வேண்டுவதைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. பதினைந்து நாள் தவணை தருமாறு அவரைக் கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பதினைந்து நாளும் நான் ஒரு குறிப்பேட்டுடன் பூங்காவில் அமர்ந்தேன். எவரெவர் வருகின்றனர், எப்பொழுது வருகின்றனர், எங்கே அமர்கின்றனர், எவர் வருவதில்லை என்று குறித்தேன். முப்பது ஆண்டு சென்றுவந்த இடத்தை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன் என்று சொல்ல வேண்டும். காலையில் வருவோர் என்னைப் போன்ற முதியோர். மாலையில் கைக்குழந்தைகளுடன் தாய்மார் சிலர் வந்தனர்; அமர்வதற்கு நிழல் இல்லாமையால் விரைவில் திரும்பினர். இளைஞர் வருவதில்லை. பத்து வயதைக் கடந்த சிறுமியர் ஒருவரும் வருவதில்லை. சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் தம் மகனுடன் ஒருநாள் வந்தார், வாயிற்படியைக் கண்டார், வெளியிலிருந்தே சிறிது நேரம் புங்கமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றார். 'எல்லார்க்கும் உரிய பூங்கா' என்று நான் கூறி வந்த பூங்கா, உண்மையில் என் போன்ற சிலர்க்கே உரியதாக இருந்தது.

சிறுமியர் வாராமை எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறை அன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆஸ்திரிய நாட்டுத் தலைநகரான வியன்னாவில் 1990களில் இதனை ஆராய்ந்தார்கள். பத்து வயதைத் தாண்டியவுடன் சிறுமியர் பூங்காவிற்கு வருவது பெரிதும் குறைகிறது என்றும், சிறுவர் வருவது அங்ஙனம் குறைவதில்லை என்றும் கண்டார்கள். இடத்திற்குப் போட்டி நேரும்போது சிறுமியர் ஒதுங்கிக்கொள்வதே அதற்குக் காரணமாகத் தோன்றியது. ஆகவே, 1999இல் அந்நகரின் ஐந்தாம் வட்டத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தனர். பெரிய வெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பகுத்தனர், நடைவழிகளைத் திருத்தினர், கைப்பந்து, பூப்பந்து போன்ற ஆட்டங்களுக்கும் இடம் செய்தனர். சிறுமியர் மீண்டும் வந்தனர். அவர்களை எவரும் அதற்குமுன் 'வாராதீர்' என்று தடுத்ததில்லை. ஆனால் 'வருக' என்று அந்த இடம் அழைத்ததும் இல்லை. தடுக்காமை வேறு, அழைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்தலே பூங்கா அமைப்பின் முதற்பாடம் எனலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, புங்கமரத்தின் அடியில் தெருவார் கூடினோம். பொறியாளரும் வந்திருந்தார். முதலில் முதியோர் பேசினர். அமைதி வேண்டும் என்றனர். இளைஞர் எழுந்தனர், ஆடுகளம் வேண்டும் என்றனர். "ஆடுகளம் வந்தால் நாங்கள் வரமாட்டோம்" என்றார் ஒரு பெரியவர். "இப்பொழுது நாங்கள் வருவதில்லையே, தாத்தா! அதனை யார் கேட்டார்கள்?" என்றான் ஓர் இளைஞன். குரல்கள் உயர்ந்தன. அப்பொழுது தாய்மார் ஒருவர், "ஊஞ்சலுக்கு அருகில் நிழலும் இருக்கையும் வேண்டும்; குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பது?" என்றார். கூட்டம் சிறிது அடங்கியது. கடைசி வரிசையில் நின்றிருந்த ஒரு மாணவி தயங்கித் தயங்கி, "எங்களுக்கும் ஊஞ்சல் வேண்டும், ஐயா. இப்பொழுது இருப்பது சின்னக் குழந்தைகளுக்கு உரியது. நாங்கள் ஆடினால் எல்லாரும் சிரிக்கிறார்கள்" என்றாள். அன்று சிரித்தவர் ஒருவரும் இல்லை.

இறுதியில் நான் எழுந்தேன். மூன்றாவது பலகையின் வாசகம் என்னுடையது என்பதையும், அதன் விளைவு யாது என்பதையும் கூறினேன். தையற்காரரும் அவர் மனைவியாரும் அங்கே இருந்தனர். நான் பேசிய பேச்சுகளில் மிகச் சிறியதும் மிகக் கடினமானதும் அதுவே. அதன்பின் 'எனக்கு வேண்டும்' என்னும் பேச்சுக் குறைந்தது. 'எப்படிச் செய்யலாம்' என்னும் பேச்சுத் தொடங்கியது.

எப்படிச் செய்தோம் என்பதை மாணவர் அறிந்துகொள்வது நன்று. நாளை உங்கள் ஊரிலும் இத்தகைய கூட்டம் கூடலாம். அப்பொழுது பேசவேண்டியவர் நீங்களாகவே இருக்கலாம்.

வயதுதோறும் ஒரு வேலி போட்டுப் பிரித்துவிடலாம் என்றே முதலில் பலரும் கருதினர். நாங்கள் அதனை ஏற்கவில்லை. வேலி போட்டால் ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது ஒரு கூண்டே ஆகும், பூங்கா கிடைக்காது. அன்றியும், பேரனின் ஆட்டத்தைக் காணாத பாட்டிக்கும், பாட்டியின் கண்காணிப்பு இல்லாத பேரனுக்கும் இழப்பே மிகுதி. ஆகவே, ஓசையை மட்டும் பிரித்தோம்; மக்களைப் பிரிக்கவில்லை. ஓசை மிகுந்த ஆடுகளத்தைச் சாலையை ஒட்டிய பக்கத்தில் அமைத்து, உயர்ந்த வலை கட்டினோம். அமைதி வேண்டுவோர்க்குரிய இருக்கைகள் அதற்கு நேர்எதிர்ப் பக்கத்தில், புங்கமரத்தின் அடியில் அமைந்தன. இரண்டிற்கும் இடையே வேம்பும் பூவரசும் மகிழும் நட்டோம். மரத்திரை ஓசையின் கடுமையைத் தணிக்கும். பார்வையை முற்றும் மறைக்காது.

சின்னஞ்சிறு குழந்தைகளின் ஊஞ்சலும் சறுக்குமரமும் நடுவில் வந்தன. எல்லாப் பக்கத்தினின்றும் பெரியவர்களின் கண் அங்கே படும் அன்றோ? விழும் குழந்தைக்கு அடிபடாதிருக்கச் சிமெண்டுத் தரையை நீக்கி, ஆழமாக மணல் நிரப்பினோம். அவ்விடத்தில் அழகுக்காக அரளி வைத்திருந்தார்கள். அதன் இலையும் பூவும் நஞ்சு என்று கூறித் தோட்டக்காரர் அதனை அகற்றச் செய்தார். நூல் கல்லாத அவர் சொல் அன்று எங்கள் அனைவரின் கல்வியையும் விடப் பயன்பட்டது. வளர்ந்த சிறுமியர்க்கென உயரமான ஊஞ்சல்கள் இரண்டும், அவர்கள் கூடி அமர்ந்து பேச ஒரு வட்டத் திண்ணையும் அமைந்தன. ஆடுகளத்திற்கு ஒரே வாயில் வைத்தால், வாயிலில் நிற்போர் களத்தையும் தமதாக்கிக்கொள்வர். ஆதலின் இரண்டு வாயில்கள் வைத்தோம். வாரத்தில் இரண்டு நாள் மாலை அது பூப்பந்துக்கு உரியது. விடியற்காலையில் அதே களம் முதியோரின் உடற்பயிற்சிக்கு உதவுகிறது. இடம் சிறிதாயின் காலத்தைப் பகுத்துக்கொள்ளலாம் என்பதை இதனால் அறிந்தோம்.

உடல் இயக்கம் எல்லா வயதிற்கும் வேண்டும் என்பதை உலக நலவாழ்வு நிறுவனம் வலியுறுத்துகிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் நன்கு இயங்குமாறு ஆடவும் ஓடவும் வேண்டும். வளர்ந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் நடத்தல் போன்ற பயிற்சி கொள்ள வேண்டும். 65 வயதைக் கடந்தோர் தடுமாறி விழாதிருக்க, உடலின் நிலைப்பாட்டைப் பேணும் பயிற்சிகளையும் செய்ய வேண்டும் என்பது 2020இல் அந்நிறுவனம் வகுத்த நெறி. முதியோர்க்கு வேண்டுவது இருக்கை மட்டுமே என்று நாங்கள் எண்ணியிருந்தது தவறு. ஆகவே பூங்காவைச் சுற்றி ஒரு நடைபாதை இட்டோம். இருக்கைகளுக்குச் சாய்வும் கைப்பிடியும் வைத்தோம். முழங்கால் தளர்ந்தவர் எழுந்து நிற்பதற்குக் கைப்பிடி எத்துணை உதவி என்பதை இளையோர் அறியார். வாயிலின் படியை இடித்துவிட்டுச் சாய்தளம் அமைத்தோம். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அதன் கணக்கு. எங்கள் படி அரையடி. ஆதலின் ஆறடியில் வேலை முடிந்தது. அந்த ஆறடிச் சாய்தளம் இல்லாமையால் ஒரு மனிதர் பல ஆண்டுகள் பூங்காவிற்கு வெளியே நின்றிருக்கிறார்!

கம்பிவேலியை நீக்குவதற்குத்தான் எதிர்ப்பு மிகுதியாக இருந்தது. "வேலி இல்லாவிட்டால் தீயவர் புகுவர்" என்றனர் சிலர். அவர்களுக்கு நியூயார்க் நகரத்துப் பிரையன்ட் பூங்காவின் வரலாற்றை எடுத்துக் கூறினேன். 1934இல் அப்பூங்காவைச் சாலையினும் உயர்த்தி, வேலியும் புதரும் சூழ அமைத்தார்கள். அமைதியும் அழகும் கருதியே அவ்வாறு செய்தனர். ஆனால், உள்ளே நடப்பது வெளியே தெரியாமையால், பிற்காலத்தில் போதைப்பொருள் விற்போர்க்கு அது புகலிடம் ஆயிற்று. நல்லோர் அஞ்சி விலகினர். பொதுவிடங்களில் மக்கள் எவ்வாறு பழகுகின்றனர் என்பதைக் கண்ணாற் கண்டு ஆராய்ந்த வில்லியம் ஒயிட் என்பவர், மறைப்புகளை நீக்கி வழிகளைத் திறந்துவிடுமாறு கூறினார். 1988இல் பூங்காவை மூடித் திருத்தி, 1992இல் மீண்டும் திறந்தனர். இடம்விட்டு இடம் நகர்த்தக்கூடிய நாற்காலிகளையும் அங்கே இட்டனர். வெயிலுக்கும் நிழலுக்கும் ஏற்பவும், தனிமைக்கும் கூட்டத்திற்கும் ஏற்பவும் மக்கள் அவற்றைத் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டனர். மக்கள் மிகுந்தனர், அச்சம் ஓடியது. பூங்காவிற்குச் சிறந்த காவல் கம்பிவேலி அன்று. நல்லோர் நடமாட்டமே ஆகும்.

இதனைக் கேட்டு வேலியை நீக்க இசைந்தனர். நகரும் நாற்காலி என்றவுடன், "ஒரே இரவில் களவு போய்விடும்" என்று நகைத்தனர். பத்து நாற்காலிகளை வைத்துப் பார்த்தோம். இரண்டு களவு போயின, எட்டு இருக்கின்றன. அந்த எட்டையும் மாலைதோறும் மக்கள் எங்கெங்கே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதே எனக்கு ஒரு பொழுதுபோக்கு ஆகிவிட்டது.

எல்லார் விருப்பமும் முற்றும் நிறைவேறியது என்று சொல்லமாட்டேன். இளைஞர் விரும்பிய பெரிய கிரிக்கெட் களத்திற்கு இடம் இல்லை. கடினப் பந்தை விடுத்து மென்பந்தால் ஆட அவர்கள் இசைந்தனர். நீரூற்றை விரும்பியவர்க்குக் குடிநீர்க் குழாய்தான் கிடைத்தது. நானும் என் மனைவியும் பல ஆண்டுகள் அமர்ந்த இருக்கை, ஆடுகளத்திற்கு இடம் தந்து மறைந்தது. அதனை இடித்த அன்று என் மனம் வருந்தியது உண்மை. ஆயினும், பொது என்பது ஒவ்வொருவரும் சிறிது விட்டுக்கொடுத்துச் சேர்க்கும் செல்வம் அன்றோ? ஒருவரும் ஒன்றையும் விடாத இடத்தில் பொது என்பது பிறப்பதே இல்லை.

பூங்காவை அமைத்தால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் என்னைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, மத்திய இரயில் நிலையத்தின் அருகே இருந்த விலங்குக் காட்சிச்சாலையைக் காட்டினார். அது 'மக்கள் பூங்கா' என்னும் பெரும்பூங்காவின் ஒரு பகுதி. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் என்பவர் தொடங்கிய அப்பூங்காவின் பரப்பு 116 ஏக்கர். காலப்போக்கில் நகர மண்டபம் ஒரு பக்கம் எழுந்தது. மூர் சந்தை ஒரு பக்கம் எழுந்தது. ரிப்பன் மாளிகையும் விளையாட்டரங்கமும் எழுந்தன. விலங்குச்சாலை 1985இல் வண்டலூருக்குப் பெயர்ந்தது. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியே பார்த்தால் பயனுடையதே. ஆனால், அப்பெரும்பூங்காவில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. பூங்காவை ஒரே நாளில் எவரும் கவர்வதில்லை. நல்ல காரணம் காட்டிச் சிறிது சிறிதாகவே அது குறைகிறது. பூங்காக்களையும் விளையாட்டிடங்களையும் திறந்த வெளிகளையும் காப்பதற்கு நம் மாநிலத்தில் 1959இலேயே சட்டம் இயற்றப்பட்டது. எனினும், சட்டத்திற்குத் துணையாக அன்றாடம் அங்கே சென்று அமரும் மக்களும் வேண்டும். ஆளில்லாத வெளியைக் கவர்வது எளிது. குழந்தைகள் ஆடும் வெளியைக் கவர்வது அரிது.

இன்று மாலை நான் பூங்காவிற்குச் சென்றேன். சக்கர நாற்காலியில் வரும் பெரியவர் புங்கமரத்தடியில் ஒருவருடன் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். உயர்ந்த ஊஞ்சலில் மாணவியர் இருவர் ஆடினர், ஒருவரும் நகைக்கவில்லை. மணலில் ஒரு குழந்தை கோயில் கட்டியது; மற்றொரு குழந்தை அதனை இடித்தது; இருவர் பாட்டியரும் வழக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தனர். ஆடுகளத்தில் தையற்காரரின் மகன் நடுவராக நின்றான். இப்பொழுது அவன் வளர்ந்துவிட்டான். விரைந்து ஓடும்போது அவன் வலக்கால் சிறிது இழுக்கிறது. அதனைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சும் இழுக்கிறது, அது மாறாது, மாறவும் வேண்டாம்.

மூன்று பலகைகளும் நின்ற இடத்தில் இப்பொழுது ஒரே பலகை நிற்கிறது. அதற்குரிய வாசகத்தை என்னையே எழுதித் தருமாறு தெருவார் கேட்டனர். நான் மறுத்து, அந்தச் சிறுவனையே எழுதச் சொன்னேன். அவன் நீண்ட நேரம் எண்ணிப் பார்த்தான். பிறகு ஒரே ஒரு சொல்லை எழுதித் தந்தான்: 'வருக.'

முப்பது ஆண்டு தமிழ் கற்பித்த எனக்கு அந்தச் சொல் தோன்றவில்லை.